மரபணு இல்லை, ஆனாலும் மருந்து கேட்கவில்லை: எந்த அறிக்கையை நம்புவது?

உங்கள் தந்தையாரின் இரத்தத்தில் வளர்ந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் எதிர்ப்பு மரபணு எதுவும் கண்டறியப்படவில்லை என்று விரைவு பிசிஆர் (மரபணுவைத் தேடும் சோதனை) சொல்லியிருக்க, இரண்டு நாள் கழித்து வந்த கல்ச்சர் அறிக்கை (பாக்டீரியாவை வளர்த்து, அதன் மேல் மருந்தைச் சோதித்தது) மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் பலிக்காது என்று சொல்வதால், எது பிழை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே சரியாக இருக்கலாம். இத்தகைய பிசிஆர் சோதனைகள் பொதுவாகத் தேடுவது கேபிசி, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி, ஓஎக்ஸ்ஏ-48 என்ற ஐந்து மரபணுக் குடும்பங்களை மட்டுமே. பாக்டீரியாவோ, மருந்து நுழையும் போரின் துளைகளை இழந்துவிட்டு, கசிந்து வரும் சிறிதளவையும் வேறொரு பீட்டா-லாக்டமேஸ் நொதியால் சிதைத்து, அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லாமலேயே தப்பிவிடக்கூடும். 'கண்டறியப்படவில்லை' என்பதை 'மருந்து கேட்கும்' என்று படித்துவிடுவது (படித்தவர்களும் செய்வதுதான்) தவறு.

கல்ச்சர் அறிக்கையில் மெரோபெனத்துக்கு நேரே உள்ள எம்ஐசி எண்ணை (பாக்டீரியா வளர்வதைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) காட்டி, மருந்தை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.