தாழி உடைந்த இடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் டென்னிஸ் பற்றியதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. விளையாட்டு வீரர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரருக்கு இரண்டே வரி. அந்த இரண்டு வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் 2003-இல் அவர் முதல் விம்பிள்டன் ஜெயித்ததிலிருந்து பெரிய ஆட்டம் எதையும் விட்டதில்லை. மொத்தம் இருபது கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். அவற்றில் பாதி இறுதி ஆட்டங்களில் எதிரே ஆடியது யார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். தோற்ற ஆட்டங்கள் மட்டும் புள்ளி புள்ளியாக ஞாபகம் இருக்கின்றன. 2008 விம்பிள்டன், 2009 மெல்போர்ன் (ஆஸ்திரேலிய ஓபன்), 2011 நியூயார்க் (அமெரிக்க ஓபன்), எல்லாவற்றுக்கும் மேலாக 2019 விம்பிள்டன். எதிரே ஜோகோவிச், ஐந்தாவது செட், 8-7, ஃபெடரருடைய சர்வ், 40-15. ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை, அதற்கு இரண்டு வாய்ப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. யூடியூப்பில் அந்த ஆட்டத்தின் துண்டு ஏதாவது வந்து நின்றால் இன்றும் சட்டென்று தள்ளிவிடுகிறேன். "உங்க சொந்தத் தம்பி தோத்திருந்தாக்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டீங்க" என்கிறாள் மனைவி.

எங்கேயோ ஸ்விட்சர்லாந்தில் பிறந்து கோடி கோடியாகச் சம்பாதித்த மனிதர். அவரே மறந்திருப்பார். எனக்கு ஏன் ஆறவில்லை? வளராத மனசா இது? உங்களுக்கு எந்தத் தோல்வி அதிகம் வலித்தது?

கே., கோவை

*

அன்புள்ள கே.,

வளராத மனசு என்றால், அது எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. 1981 விம்பிள்டன் கால் இறுதியில் விஜய் அமிர்தராஜ் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களை வென்றார், அடுத்த மூன்றையும் விட்டார். என் அப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. பேப்பரில் படித்ததுதான். ஆனாலும் கடைசிக் காலம் வரைக்கும், யாராவது ஒரு காரியத்தைப் பாதிவரை நன்றாகச் செய்து மீதியைக் கோட்டைவிட்டால் "கானர்ஸ் மேட்ச் ஆயிடுச்சு" என்பார். பாகற்காய் பொரியல் கடைசி நிமிடத்தில் தீய்ந்துபோனால்கூட. ஆகவே வெட்கப்படாதீர்கள்.

2019 ஜூலை 14-ஐ நீங்கள் எப்படிக் கழித்தீர்களோ தெரியாது. என் வீட்டில் அன்று இரண்டு கட்சி. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே லண்டனில், லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். டிவி மகனுக்குப் போய்விட்டது. நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மொபைலில் விம்பிள்டன். 40-15 வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என்னைப் போலவே ஃபெடரர் பைத்தியமான நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் "21" என்று அடித்து அனுப்பினேன். இருபத்தோராவது பட்டம் என்று பொருள். மொபைலில் படம் டிவியைவிட அரை நிமிடம் பின்தங்கி வரும் என்பது அப்போது உறைக்கவில்லை. நண்பர் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். என் "21" போய்ச் சேர்ந்தபோது அவருக்கு முதல் புள்ளி போய்விட்டிருந்தது. ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே. எனக்கு அது வந்து சேர்வதற்குள் அவருக்கு இரண்டாவதும் போய்விட்டது. ஃபெடரர் வலையை நோக்கி ஏறிவர, ஜோகோவிச் குறுக்காக அடித்த ஃபோர்ஹேண்ட் அவரைத் தாண்டிப் போனது. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

மகனுக்கு நியூசிலாந்து. ஓட்டம் சமம், சூப்பர் ஓவரும் சமம், பவுண்டரிக் கணக்கில் தோல்வி. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

உங்கள் பழமொழியோடுதான் எனக்குச் சண்டை. தாழி 40-15-இல் உடைந்ததாகச் சொல்கிறீர்கள். நானும் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மழைநாளில் துணிந்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்தேன். முதல் செட் 6-6 என்று சமமாகி, டை பிரேக். இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் ஏழு புள்ளி எடுப்பவருக்குச் செட். ஃபெடரர் 5-3 என்று முன்னால் இருக்கிறார். அதற்குப் பிறகு வரிசையாக நான்கு புள்ளிகளை விடுகிறார். 7-5, செட் ஜோகோவிச்சுக்கு. இரண்டாவது செட்டை ஃபெடரர் 6-1 என்று ஊதித் தள்ளுகிறார். மூன்றாவதில் 5-4-இல் ஜோகோவிச் சர்வில் ஃபெடரருக்கு ஒரு செட் பாயின்ட் (அந்தப் புள்ளியை எடுத்தால் செட்) கிடைக்கிறது, அதுவும் போகிறது, மறுபடி டை பிரேக், மறுபடி ஜோகோவிச். கவனியுங்கள், இந்த முதல் மூன்று செட்களில் ஜோகோவிச்சுக்கு ஒரு பிரேக் பாயின்ட்கூட, அதாவது எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்கும் ஒரு வாய்ப்புகூட, கிடைக்கவில்லை. ஆனால் செட் கணக்கில் 2-1 என்று முன்னால் நிற்பவர் அவர்.

மொத்தம் 422 புள்ளிகள் ஆடினார்கள். ஃபெடரருக்கு 218, ஜோகோவிச்சுக்கு 204. எதிராளி எட்ட முடியாமல் அடித்த வின்னர்கள் 94-க்கு 54, தொடவே முடியாத சர்வ்களான ஏஸ்கள் 25-க்கு 10. எதிராளியின் சர்வை ஃபெடரர் ஏழு தடவை உடைத்தார், ஜோகோவிச் மூன்றே தடவை. 38-ஐத் தொட மூன்றரை வாரம் இருந்த மனிதர், 4 மணி 57 நிமிடம், எந்தப் பட்டியலை எடுத்தாலும் மேலே இருக்கிறார், முதல், மூன்றாவது, ஐந்தாவது செட்களின் மூன்று டை பிரேக்குகளைத் தவிர. அந்த மூன்றிலும் ஜோகோவிச் கல்லுச் சுவர் மாதிரி பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். தப்பு செய்வது எதிராளியின் வேலை என்று விட்டுவிட்டார்.

பட்டறை வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பில் விழும் மயிரிழை விரிசல் அச்சிலிருந்து எடுத்த அன்றே அதில் இருக்கும். பம்பு வயலுக்குப் போய், தண்ணீர் அழுத்தம் ஏறும்போதுதான் கசியும். விவசாயி கசிந்த நாளைத்தான் சொல்லிப் புலம்புவார். நாம் 40-15-ஐச் சொல்லிப் புலம்புவது போல.

இது என்னுடைய கெட்டிக்காரத்தனம் இல்லை. ஃபெடரரே 2008 விம்பிள்டனைப் பற்றிக் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது, அந்த ஆட்டத்தைத் தான் ஒருவகையில் முதல் புள்ளியிலேயே தோற்றுவிட்டதாகச் சொன்னார். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர், சில வாரங்களுக்கு முன்பு பாரிஸில், பிரெஞ்சு ஓபனில், தன்னை 6-1, 6-3, 6-0 என்று நசுக்கிய ரஃபேல் நடால். அவருக்குத் தன்னைவிடப் பசி அதிகமோ என்ற எண்ணம் வந்துவிட்டது. நாமோ ஒன்பதேகால் மணி இருட்டையும், இரண்டு தடவை பெய்த மழையையும், நான்காவது செட் டை பிரேக்கில் 7-8-இல் கோட்டை ஒட்டி அவர் அடித்த அந்த பேக்ஹேண்டையும், கடைசியில் வலையில் போய் விழுந்த ஃபோர்ஹேண்டையும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அவர் முதல் புள்ளியைச் சொல்கிறார்.

(நடால் அந்த வருடத்தை எங்கே தொடங்கினார் தெரியுமா? சென்னை நுங்கம்பாக்கத்தில். அரை இறுதியில் கார்லோஸ் மோயாவோடு நான்கு மணி நேரத்துக்கு ஆறே நிமிடம் குறைவாக ஆடி ஜெயித்து, மறுநாள் இறுதியில் மிகைல் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று சுருண்டார். ஜனவரி 6. சரியாக ஆறு மாதம் கழித்து, ஜூலை 6, விம்பிள்டன். நம் ஊரில் அப்படித் தோற்ற பையனா இது என்று அன்று எனக்கு எரிச்சலே வந்தது.)

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். மொத்தம் 1,526 ஒற்றையர் ஆட்டங்கள் ஆடி, ஏறத்தாழ 80 சதவீதம் வென்றவர். ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். பாதியை ஒட்டிய புள்ளிகளை இழந்துகொண்டே உலகின் முதலிடத்தில் இருந்திருக்கிறார். போன புள்ளியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகத் தெரியாவிட்டால் அது நடக்காது. 2019-இல் தோற்று, இரண்டாம் இடத்துக்கான தட்டை வாங்கிக்கொண்டு நின்றபோது, மறக்க முடியாத இறுதி ஆட்டம் என்று புகழ்ந்த அறிவிப்பாளரிடம், நான் மறக்க முயற்சி செய்கிறேன் என்றாரே, அது வெறும் நகைச்சுவை இல்லை, அவர் தொழில். அவர் மறந்திருப்பார் என்று நீங்கள் ஊகித்தது சரியாகவே இருக்கலாம். அவருக்கு ஆட அடுத்த புள்ளி இருந்தது. நமக்கு யார் சர்வ் போடுகிறார்கள்?

மெல்போர்னில் 2009-இல் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் அழுதது, 2011-இல் நியூயார்க்கில் இதே 40-15-இல் ஜோகோவிச் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது போல் அடித்த அந்த ரிட்டர்ன், 2021-இல் விம்பிள்டனில் ஹுர்காச்சிடம் கடைசி செட்டை 6-0 என்று இழந்தது. இவற்றைப் பற்றியெல்லாம் உங்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. 2022-இல் லண்டனில் நடாலோடு சேர்ந்து ஆடிய கடைசி இரட்டையர் ஆட்டத்தில்கூட மேட்ச் பாயின்ட் கையில் வந்து, போய், தோற்றார். அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். கடைசிவரை ஆள் மாறவில்லை.

எனக்கு வலித்தது உங்கள் பட்டியலில் இல்லை. 2009 செப்டம்பர் 14, நியூயார்க் இறுதி ஆட்டம், ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ.

அதற்கு முந்தின நாள் அரை இறுதியில்தான், ஃபெடரர் ஜோகோவிச்சுக்கு எதிராக, வலைக்கு முதுகைக் காட்டி ஓடியபடியே கால்களுக்கு நடுவே அந்தப் பந்தை அடித்திருந்தார். நியூயார்க்கில் வரிசையாக ஐந்து வருடம் பட்டம் வென்றவர். எதிரே அர்ஜென்டினாவின் இருபது வயதுப் பையன், முதல் கிராண்ட் ஸ்லாம் இறுதி. நம் நேரப்படி நள்ளிரவு ஒன்றரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது. முதல் செட் 6-3 ஃபெடரருக்கு. இரண்டாவதில் 5-4, அவருடைய சர்வ். ஒரு கேம் எடுத்தால் இரண்டு செட் முன்னிலை. மறுநாள் எனக்கு அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை. இனி பார்க்க என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்துப் படுத்துவிட்டேன்.

பால்காரர் சைக்கிள் மணி கேட்டு எழுந்து, கோப்பையைத் தூக்குவதைப் பார்க்கலாம் என்று டிவியைப் போட்டேன். ஆறரை அடி உயரப் பையன் ஒருவன் தரையில் மல்லாந்து கிடந்து அழுதுகொண்டிருந்தான். பழைய ஆட்டம் எதையோ மறு ஒளிபரப்பு செய்கிறார்கள் என்று நினைத்தேன். 3-6, 7-6, 4-6, 7-6, 6-2. ஃபெடரர் பதினொரு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் புள்ளியை இழப்பது) போட்டிருந்தார். நடுவரிடம் எரிந்து விழுந்திருந்தார். 2008-ஐயும் 2019-ஐயும் காவியம் என்று சொல்லி நாம் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளலாம். இதில் காவியம் எதுவும் இல்லை. அலட்சியமாக விட்ட ஆட்டம். அவர் அலட்சியமாக விட்ட அதே கேமில்தான் நானும் விட்டிருக்கிறேன். அதனால்தான் ஆறவில்லை போலிருக்கிறது.

டெல் போட்ரோவைப் பல வருடம் எனக்குப் பிடிக்காது. பிறகு அவருக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை, அப்புறம் முழங்கால். 2018-இல் மறுபடி நியூயார்க் இறுதிக்கு வந்து ஜோகோவிச்சிடம் தோற்றார். இன்னொரு கிராண்ட் ஸ்லாம் கிடைக்கவே இல்லை. 2022 பிப்ரவரியில் புவனஸ் ஐரிஸில், சொந்த நாட்டுக்காரர்கள் முன்னால் ஆடித் தோற்று, தலையில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து வலையின் மேல் தொங்கவிட்டுப் போனார். அதைப் பார்த்த இரவுதான் 2009 ஆட்டத்தைத் தேடி எடுத்து, நான் அணைத்த இடத்திலிருந்து மீதியைப் பார்த்தேன். 5-4. அந்த கேமை டெல் போட்ரோ உடைக்கிறார். உடைத்ததும் நான் கை தட்டினேன். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் 2019-ஐ முழுசாகப் பார்க்க வேண்டாம். முதல் செட் போதும். டை பிரேக்கில் 5-3 வந்ததும் நிறுத்திவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். "21" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்.