லேஸ் அப்புறம், முதலில் பக்கத்தைப் பிடியுங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: தீபாவளி மலிவு விற்பனையில் மெரூன், சாம்பல், வெளிர் மஞ்சள் என்று மூன்று பிளைன் காட்டன் குர்த்தி வாங்கினேன். போட்டால் தொளதொளவென்று தொங்குகிறது, அதனால் ஒருமுறைகூட வெளியே போட்டுப் போகவில்லை. வீட்டில் அம்மாவின் கால் மிஷின் இருக்கிறது, நேராகத் தைக்க வரும். லேஸ் வைத்தால் நன்றாக இருக்குமா?

லேஸ் இருக்கட்டும். நீங்கள் அதைப் போடாததற்குக் காரணம் பிளைனாக இருப்பது இல்லை, அளவு நிற்காததுதான். அளவு சரியாக நின்றுவிட்டால் பிளைன் குர்த்தியே எடுப்பாக இருக்கும், எத்தனையோ பேருக்குத் தைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

கத்தரியை எடுப்பதற்கு முன் மூன்றையும் துவைத்துவிடுங்கள். காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும், இப்போதே அளவாகப் பிடித்துவிட்டால் பிறகு உடம்பில் ஏறாது. நம் பக்கம் சாயங்கால மழையில் துணி ஈரம் விடாமலே இருக்கும், நன்றாகக் காய்ந்த பிறகு இஸ்திரி போட்டு எடுங்கள்.

இனி உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு, அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஊசி குத்துங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு பக்கம் அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தால் முன்துணி அரை, பின்துணி அரை என்று ஒரு இஞ்ச் போகும், இரண்டு பக்கமும் சேர்த்தால் சுற்றளவில் 2 இஞ்ச் குறைந்துவிடும். குர்த்திக்கு ஜிப் கிடையாது, துணியும் இழுபடாது, அதனால் மார்பில் 3, 4 இஞ்ச் தளர்வு இருந்தால்தான் தலைவழியாகக் கழற்ற முடியும். காய்ந்த சோப்புத் துண்டால் கோடு போட்டு, முதலில் கையால் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். போட்டு, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்து, சரி என்றால் மிஷினில் கை அடிப்பக்கத்திலிருந்து அக்குள் வழியாகக் கீழே வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள், சைடு ஓபன் தொடங்கும் இடத்துக்கு வரும்போது பழைய தையலோடு மெதுவாகச் சேர்த்துவிடுங்கள். மிச்சத் துணியை உடனே வெட்ட வேண்டாம், இரண்டு தடவை போட்டுப் பார்த்த பிறகு வெட்டலாம்.

தோள் இறங்கினால் கையைப் பிரிக்கவே வேண்டாம். தோள் தையலிலிருந்து முன்பக்கம் 4 இஞ்ச் நீளத்துக்கு இரண்டு சின்ன டக், அதாவது துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு, பிடித்தால் போதும், பார்க்கவும் அழகு.

அப்புறம் அலங்காரம். ஈப்போவுக்குப் போய் லேஸ் வாங்குவதற்கு முன் அம்மாவின் பழைய காட்டன் சேலை பார்டரைப் பாருங்கள். அதைக் கை நுனி, கீழ் ஓரம் போன்ற நேரான இடங்களில் மட்டும் வையுங்கள். வட்டக் கழுத்தில் பார்டர் வளையாமல் சுருங்கி நிற்கும், கழுத்துக்கு, துணியின் குறுக்கே கோணலாக வெட்டிய பட்டைதான் வளைந்து கொடுக்கும். பார்டரைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தொழில் பழகிய காலத்தில் இதைப் பார்க்காமல் ஒரு வெளிர்பச்சைச் சட்டையில் சிவப்பு பார்டர் வைத்துவிட்டேன், முதல் துவைப்பிலேயே முழுக்க ரோஸ் கறை, அந்த அக்காவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

மெரூனில் ஆரம்பியுங்கள். பிரித்துத் தைத்தாலும் ஊசித் துளை அதில் அவ்வளவாகத் தெரியாது. வெளிர் மஞ்சளைக் கடைசியாக எடுங்கள்.