அத்தைக்குத் தமிழ் புரியாது என்று யார் சொன்னது?

கேள்வி: நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி எட்டு வருடமாகக் கேரள எல்லையோரம் பாறசாலையில் இருக்கிறேன். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்றும் களியக்காவிளைச் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி மீன் வாங்கி வருவார். குழம்பு வைத்தால் தேங்காய் போதாது என்பார், துணி காயப்போட்டால் அது சரியில்லை என்பார். கணவரும் சம்பளத்தை அப்படியே அவர் கையில்தான் கொடுக்கிறார். நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் போனில் புலம்பி மனதை ஆற்றிக்கொள்வேன், அவ்வளவுதான். நல்லவேளை, அத்தைக்கு நம்ம தமிழ் புரியாது. ஏழு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், அப்புறம் அத்தையோடு போய்ப் படுத்துக்கொள்வாள். முறுமுறுக்கக் கூடாது என்று ஒவ்வொரு லெந்து (தவக்) காலத்திலும் தீர்மானம் எடுக்கிறேன். ஒரு வாரம்கூட நிற்பதில்லை. நாவை அடக்க எந்த வசனங்களை மனப்பாடம் செய்யலாம்?
— பெயர் வேண்டாம், பாறசாலை.

பதில்: மகளே, உனக்குத் தெரியாத வசனம் ஒன்றும் என்னிடம் இல்லை. "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141-ஆம் சங்கீதத்தை ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லியிருப்பாய். எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமல் செய்யுங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் உனக்குத் தெரியும். தீர்மானம் நிற்காமல் போவது வசனம் போதாததால் அல்ல. அதனால் வசனப் பட்டியல் தர மாட்டேன்.

நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது: "நல்லவேளை, அத்தைக்கு நம்ம தமிழ் புரியாது." என்ன நல்லவேளை? யாருக்கு நல்லவேளை?

முதலில், புரியாது என்று உனக்கு யார் சொன்னது? களியக்காவிளைச் சந்தையில் பேரம் பேசி மீன் வாங்குகிறவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். அது தமிழ்நாட்டுச் சந்தை. அங்கே தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். அத்தை பிறந்த காலத்தில் நடுவில் மாநில எல்லையே கிடையாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் களியக்காவிளை இருக்கும் விளவங்கோடும் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரையும் திருவிதாங்கூர்-கொச்சியில் அடுத்தடுத்த தாலுகாக்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும் தென் திருவிதாங்கூர்ப் பேராயம் 1959-ல்தான் கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டாகப் பிரிந்தது. அந்த மண்ணில் எழுபது வருடம் வாழ்ந்தவருக்கு, நீ வேகமாகப் பேசினால் நாலு சொல் தப்பலாம். ஆனால் யாரைப் பேசுகிறாய், எந்தக் குரலில் பேசுகிறாய் என்பது தப்பாது.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. அதனால் உன் அடுக்களையை என்னால் பார்க்க முடிகிறது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். அத்தை சீரகத் தண்ணீருக்குச் செம்போடு வாசலில் வந்து நிற்பார். நீ குரலைக்கூடத் தாழ்த்த மாட்டாய். சிரித்த முகத்தோடு செம்பை வாங்கி நிரப்பிக் கொடுப்பாய். அவர் திரும்பி நடக்கும்போதே, பாதியில் விட்ட வாக்கியத்தை அக்காவிடம் முடிப்பாய். இப்படி நடந்ததே இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா?

எட்டு வருடத்தில் ஒருநாளாவது அவர் அதைப்பற்றி உன்னிடம் கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய். தேங்காய்க்கும் துணிக்கும் வாய் ஓயாத மனுஷி, இதை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வீட்டில் வாய்க்குக் காவல் வைத்திருப்பது யார் என்று இப்போது சொல்.

சரி, நீ சொல்கிறபடி அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது காரியம் இன்னும் மோசம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக." காது கேளாதவனைத் திட்டினால் அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால்தான் அந்தக் கட்டளை அவனுக்குப் பயப்படச் சொல்லவில்லை, தேவனுக்குப் பயப்படச் சொல்கிறது. மோசேயின் எத்தியோப்பிய மனைவியை வைத்து மிரியாமும் ஆரோனும் அவனுக்கு விரோதமாகப் பேசியபோதும் எண்ணாகமம் 12-ல் "கர்த்தர் அதைக் கேட்டார்" என்றுதான் இருக்கிறது. மோசே கேட்டானா இல்லையா என்ற பேச்சே அங்கே இல்லை.

இன்னொரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாறசாலையில் வளரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பாஷையும் அத்துப்படி. அம்மா சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே பாடம் எழுதிவிட்டு, யாரைப்பற்றிக் கேட்டாளோ அவர் பக்கத்திலேயே போய்ப் படுக்கிறாள். ஒரு குழந்தை இதை எங்கே வைத்துக்கொள்ளும்? எனக்கு உன்மேல் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பேத்திக்கும் பாட்டிக்கும் நடுவில் கைவைக்க எந்தத் தாய்க்கும் உரிமை இல்லை. மாமியார் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி.

உனக்கு மனக்குறையே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எகிப்தில் பெருமூச்சுவிட்டு அழுத இஸ்ரவேல் ஜனங்களின் சத்தம் தேவனுடைய சந்நிதியில் எட்டியது என்று யாத்திராகமம் சொல்கிறது. அந்த அழுகையைக் கர்த்தர் கண்டிக்கவில்லை. பிற்பாடு அவர்கள் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு முறுமுறுத்ததைத்தான் உபாகமம் முதல் அதிகாரத்தில் மோசே குற்றமாக எடுத்துச் சொல்கிறான். கர்த்தரிடம் அழு, எவ்வளவு வேண்டுமானாலும் அழு. தீர்த்துவைக்க முடிகிறவரிடம் நேராகப் பேசு. உன் அக்கா திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு எதைத் தீர்க்க முடியும்? அடுத்த தடவை உன் வீட்டுக்கு வரும்போது அத்தையை நேராகப் பார்க்க அவளால் முடியாமல் போகும், அவ்வளவுதான் மிச்சம்.

தேங்காய், துணி, எண்ணெய் எல்லாம் எந்த வீட்டிலும் உள்ளதுதான், விடு. சம்பள விஷயம் அப்படியல்ல. மனைவியைக் கேட்காமல் குடும்பப் பணம் கைமாறுவது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாயைக் கனம்பண்ணுவது வேறு, மனைவியை ஒதுக்கிவைப்பது வேறு. ஆனால் எட்டு வருடம் அக்காவிடம் சொன்ன இதை, உன் கணவரிடம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசியதாக நீ எழுதவில்லை.

இன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து, இனிமேல் அத்தையைப்பற்றி உன்னிடம் பேசமாட்டேன், நான் தொடங்கினால் போனை வைத்துவிடு என்று சொல். வருகிற திருவிருந்து ஞாயிறுக்கு முன் அத்தையிடம் போய், உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று கேள். மலையாளத்திலேயே கேள், அவர் பாஷை. சமாதானம் பண்ணிவிட்டு வந்து காணிக்கை செலுத்து என்று ஆண்டவர் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான். மகளிடமும், அம்மா பேசியது தப்பு என்று சொல்லிவிடு.

அதற்கு அடுத்த நாள் சம்பளக் காரியத்தைக் கணவரிடம் எடு. அத்தையும் கூடவே உட்கார்ந்திருக்கட்டும். மாதம் எவ்வளவு வருகிறது, எதற்குப் போகிறது, பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு நிற்கிறது என்று கணக்காகக் கேள், பழைய கதை எதையும் கிளப்பாதே. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. பிடிகொடுக்கவில்லை என்றால் உங்கள் ஆயரையும் வைத்துப் பேசுகிற வழியைப் பார்ப்போம்.