இருட்டில் சைக்கிள்: லாரி ஓட்டியவரிடம் கேளுங்கள்

பதினோரு வருடம் லாரி ஓட்டினேன், இப்போது சைக்கிள் கடை. இரவில் சைக்கிள் ஓட்டுவது பற்றி எதையும் கேட்கலாம் என்றேன். கேட்டுவிட்டீர்கள்.

கே (சிறுசேரி): ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு ஓஎம்ஆரில் திரும்புகிறேன். பளீர் பச்சை வெஸ்ட் போட்டிருக்கிறேன். போதுமா?

ப: போதாது. அந்தப் பச்சை பகலுக்கானது. வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிப் பச்சை வெளிச்சமாக உமிழ்வதால்தான் கண்ணைப் பறிக்கிறது. ஹெட்லைட் முன்னால் அந்த ஜாலம் நடக்காது. வெறும் வெளிர்நிறத் துணிதான். ராத்திரிக்கு வேலை செய்வது அதில் தைத்திருக்கும் சாம்பல் பட்டை. அதிலுள்ள பொடிக் கண்ணாடி மணிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும்.

அதோடு பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா பாருங்கள். செங்கல்பட்டு தாண்டி ஒரு விடிகாலை, கண்ணாடியில் தூறல், வைப்பர் பாதிதான் துடைக்கிறது. முன்னால் தரையோடு தரையாக இரண்டு மஞ்சள் பொட்டு. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. சைக்கிளோ ஆளோ இன்னும் தெரியவில்லை, ஆனால் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. மைல்கல்லில் ஒட்டிய பட்டை அப்படி ஏறி இறங்காது.

சுவீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் இதைத்தான் காட்டினார். இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்தார். நின்றால் வெறும் புள்ளிகள். நடந்தால் பார்த்த மாத்திரத்தில் மனிதன். அதனால் சொல்கிறேன், கணுக்காலில் பட்டை கட்டுங்கள். லோ பீம் முதலில் விழுவதும் அங்கேதான்.

கே (காஞ்சிபுரம் பக்கம், பால்காரர்): அதிகாலை 4 மணிக்குக் கிளம்புகிறேன். கேரியரில் இரண்டு பக்கமும் கேன். பின்விளக்கு மறைந்துவிடுகிறது.

ப: நல்ல கேள்வி. பின்விளக்கு வாங்கியவர்களில் பாதிப்பேர் பையாலோ சட்டை வாலாலோ அதை மறைத்துக்கொண்டுதான் போகிறார்கள். உங்களுக்குக் கேன்தான் பலகை. லாரிகளில் ஒட்டும் டேப் வாங்குங்கள். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை. இந்தக் கணக்கை மாற்றாதீர்கள், ஓட்டுநர் நிறத்தை வைத்துத்தான் நீங்கள் போகிறீர்களா வருகிறீர்களா என்று முடிவு செய்கிறார். விளக்கைக் கேனுக்கு வெளியே கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சேறு படிந்த ரிஃப்ளெக்டர் வெறும் பிளாஸ்டிக்.

கே (மதுரை): ரிஃப்ளெக்டர் நிறைய ஒட்டியிருக்கிறேன். விளக்கு தேவையா?

ப: தேவை. ரிஃப்ளெக்டருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. குறுக்குத் தெருவிலிருந்து வரும் காரின் ஹெட்லைட் உங்கள் மேல் விழும்போது நீங்கள் அதன் பானெட்டுக்கு முன்னால் இருப்பீர்கள்.

கே (ஈரோடு): பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்கும் பட்டை உதவுமா?

ப: உதவும். போலீஸ்காரர்கள் பையில் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்களே. மேலே துண்டு போட்டு மூடாமல் இருந்தால் சரி.

கே (கோவை): பின்விளக்கு மினுக்க வேண்டுமா, நின்று எரிய வேண்டுமா?

ப: நின்று எரியட்டும்.

இதற்குத்தான் சண்டை. "மினுக்கினால்தானே கண்ணில் படும், பிரிட்டனில் 2005-லிருந்தே சட்டம் அனுமதிக்கிறது" என்கிறார் ஒருவர். "ஜெர்மனியில் மினுக்கும் விளக்கே கூடாது" என்று இன்னொருவர். இரண்டும் உண்மை. பிரிட்டனிலும் நிமிடத்துக்கு 60 முதல் 240 முறைக்குள் மினுக்க வேண்டும் என்று வரம்பு உண்டு, கல்யாண மண்டப சீரியல் பல்பு கணக்கு இல்லை.

லாரி சீட்டிலிருந்து சொல்கிறேன். மினுக்கும் விளக்கு "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லும். எவ்வளவு தூரம், எந்த வேகம் என்று சொல்லாது. அணைந்த நேரத்தில் இடம் தவறிவிடும். மணிக்கு 60 கி.மீ.யில் வண்டி நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடுகிறது. பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர் போயிற்று. பிரேக் பிடித்து நிற்க காருக்கே இன்னும் 20 மீட்டர் வேண்டும், லோடு லாரிக்கு அதற்கும் மேல். இதில் தூரத்தை ஊகிக்க நேரம் ஏது?

"அப்போ பகலில்?" பகலில் மினுக்கட்டும். "இரண்டு விளக்கு இருந்தால்?" ஒன்று நின்று எரியட்டும், ஒன்று மெதுவாக மினுக்கட்டும். கோவைக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் லாரியில் கூட்டிப் போகிறேன், வாருங்கள்.

கே (திருச்சி): எதிர்ப்பக்கமாக ஓட்டினால் வரும் வண்டியை நாமே பார்க்கலாமே?

ப: கூடாது. அவர் வேகமும் உங்கள் வேகமும் கூடிவிடும், பின்னால் ஒட்டிய சிவப்பும் வீண்.

கே (வேளச்சேரி): ஆரஞ்சு வெஸ்ட் வாங்கலாமா?

ப: முதல் பதில்.

கே (சேலம்): மஞ்சள் வெஸ்ட்?

ப: நிறத்தை மாற்றினால் பதில் மாறாது. கணுக்கால்!

கே (நாகர்கோவில்): மழையில் பட்டை மங்குகிறதே?

ப: மணி வெளியே தெரியும் துணிப்பட்டை நனைந்தால் மங்கும், தண்ணீர்ப் படலம் வெளிச்சத்தைத் திசைதிருப்பிவிடும். மழைக்கோட்டு மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பட்டையை ஒட்டுங்கள்.

கே (பால்காரர், மறுபடி): டேப் ஒட்டிவிட்டேன், போட்டோ பாருங்கள்.

ப: பார்த்தேன். கேனில் பிரமாதம். ஹேண்டில்பாரில் மிச்சமிருந்த சிவப்பைச் சுற்றியிருக்கிறீர்கள், அதை மட்டும் உரித்துவிடுங்கள்.