சம்மேளனம் பிறகு, முதலில் மிருதங்கம்

கேள்வி: முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று வன்னியில் இப்போது பல சங்கீதக் குழுக்கள் இயங்குகின்றன. ஆனால் ஆளுக்கொரு திசையில் போகிறோம். ஒருவருக்கொருவர் கைகொடுக்க வன்னி முழுவதற்கும் ஒரு சம்மேளனம் அமைக்கத் தீர்மானித்து யாப்பும் எழுதிவிட்டோம். இத்துடன் இணைத்துள்ளோம். தலைவர், காப்பாளர் பதவிகளுக்குப் பொருத்தமானவர்கள் யார்? உங்கள் இதழ் ஆதரவு தருமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: காப்பாளரைத் தேடுமுன் ஒரு மிருதங்கக்காரரைத் தேடுங்கள். வருகிற விஜயதசமியன்று உங்கள் குழுவுக்கு யார் வாசிக்கிறார்? அதே மாலை பரந்தனிலும் மாங்குளத்திலும் யார்? மூன்று இடத்திலும் ஒரே பெயரைச் சொன்னால் வியப்படையாதீர்கள். வன்னியில் பாடுவதற்கு ஆள் உண்டு. கர்நாடக சங்கீதம் பாடசாலைப் பாடம். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் எடுக்கலாம். பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கும் போகிறார்கள். மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் கருவி வாங்கவேண்டும், ஆசிரியர் கிடைக்கவேண்டும், பல வருடம் பொறுத்திருக்கவேண்டும். ஆகவே பாட்டு பெருகுகிறது, பக்கவாத்தியம் பெருகவில்லை. உங்கள் யாப்பை முழுதும் வாசித்தோம். உபதலைவருக்கும் உபசெயலாளருக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. இரவல் கொடுத்த மிருதங்கத்தின் தோல் கிழிந்தால் யார் மாற்றிக் கொடுப்பது என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

பெரியமேளக்காரரைப் பாருங்கள். கோயில் திருவிழாவில் வெவ்வேறு ஊர்க் குழுக்களின் நாதஸ்வரமும் தவிலும் ஒரே இரவில் சேர்ந்து வாசிப்பது அவர்களிடையே பழைய வழக்கம். ஒருவருக்குச் சுகமில்லையென்றால் இன்னொரு குழுத் தவில் வந்து நிற்கும். அதற்கு அவர்கள் யாப்பு எழுதவில்லை. அவர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது: இன்றைய பாரி நாதஸ்வரம், அதாவது நீண்ட வகை, பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைதான் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு), எவரோடு எவரும் சேரலாம். வாய்ப்பாட்டுக் குழுக்கள் அப்படிச் சேர முடியாது. ஆண் குரல் ஒரு கட்டையைச் சுற்றி நிற்கும். பெண்பிள்ளைகள் ஐந்து, ஐந்தரை. ஒரு கட்டைக்குக் கட்டிய பெரிய மிருதங்கத்தை ஐந்தரைக்கு ஏற்றச் சொன்னால் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், கிழியும், அல்லது நாதம் செத்துத் தகரம்போல ஒலிக்கும். அடித்து ஏற்றவும் இறக்கவும் ஒரு மிருதங்கம் ஏறக்குறைய அரைக்கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை இடங்கொடுக்கும், அதற்குமேல் கொடுக்காது.

எனவே குழுக்களிடையே முதலில் போகவேண்டியது அழைப்பிதழ் அல்ல, ஒரு சீட்டு. பாடப்போகும் உருப்படி, இராகம், தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம்), எதற்குக் கல்பனாஸ்வரம், எதற்குப் பின் தனியாவர்த்தனம் (மிருதங்கத்தின் தனி வாசிப்பு), எத்தனை நிமிடம், என்ன கட்டை என்று எழுதி ஒரு கிழமைக்கு முன் பக்கவாத்தியக்காரரின் போனுக்கு அனுப்புங்கள். "ஐந்து கட்டை" என்று மட்டும் எழுதினால் போதாது. வீட்டிலுள்ள பழைய ஆர்மோனியத்தின் ஐந்தும் போனில் உள்ள சுருதியின் ஐந்தும் ஒன்றாக இருக்கவேண்டுமென்று நியதி இல்லை. எந்தச் சுருதிப்பெட்டி மேடைக்கு வருகிறதோ அதையே ஒத்திகையிலும் வையுங்கள். ஒன்றரை மணிநேரக் கச்சேரி என்றால் வர்ணம், நடுத்தர உருப்படிகள் நாலைந்து, பிரதானம், எட்டுப் பத்து நிமிடத் தனி, முடிவில் துக்கடா என்ற சிறு உருப்படி இரண்டு. புதிதாக அரங்கேறும் பிள்ளைக்கு இதுவே அதிகம். ஒத்திகை ஒன்றாவது வேண்டும், மேடையேறிய பின் "எடுப்பு எங்கே?" என்று கண்ணால் கேட்கும் மிருதங்கக்காரர் அடுத்த முறை வரமாட்டார்.

அவருக்குக் கொடுக்கவேண்டியதை அன்றிரவே, மோட்டார்சைக்கிளில் ஏறுமுன், உறையில் வைத்துக் கொடுங்கள். பொன்னாடைக்கு எவரும் பெற்றோல் அடிப்பதில்லை.

இனித் திகதி. வருடத்தில் இரண்டு தடவை, தையில் ஒன்று ஆடியில் ஒன்று, குழுவுக்கு ஒருவர் மாங்குளத்தில் கூடுங்கள். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம். மூன்று மாவட்டத்தாரும் பகல் பஸ்ஸில் வந்து பகலிலேயே திரும்பலாம். பெரிய தாள் ஒன்றில் ஆறு மாதத்தை வரையுங்கள். கோயில் நாட்களை முதலில் குறியுங்கள்: வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், அந்தந்த ஊர்த் திருவிழாக்கள், நவராத்திரி. அவை நகரா. அடுத்து பரீட்சைகள். அதன்பின் வயல். காலபோக விதைப்பு ஐப்பசியில் மும்முரமாகும், அறுவடை தை, மாசியில். அந்த நாட்களில் கச்சேரி வைத்துவிட்டுச் சனம் இரசனையற்றது என்று குறைப்படுவது முறையல்ல. மாரி மழையில் பந்தலும் நனையும், தோலும் தளரும். எஞ்சும் நாட்களில்தான் ஆண்டு விழாவும் அரங்கேற்றமும். இரண்டு நிகழ்ச்சி ஒரே நாளில் விழுந்தால், கோயில் நாள் நிற்கும், மன்ற நாள் தள்ளிப்போகும். இரண்டும் மன்ற நாளென்றால் பக்கவாத்தியக்காரரை முதலில் கேட்டவர் பக்கம். இந்த ஒரு விதியை எல்லோரும் ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை ஒழிந்தது.

கருவி இரவலில்தான் சிநேகங்கள் முறிகின்றன. எல்லாக் குழுக்களும் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வட்டத்தில் மூன்று நான்கு குழு இருந்தால், பெண் குரலுக்கு ஏறத்தாழ 22 அங்குல மிருதங்கம் ஒன்று, ஆண் குரலுக்கு 24 அங்குலம் ஒன்று, சுருதிப்பெட்டி இரண்டு, மேலதிக வயலின் கம்பிச் செற் ஒன்று பொதுவில் இருந்தால் போதும். ஒரு கொப்பி போடுங்கள். கொண்டுபோகும்போதும் திரும்பும்போதும் இரு தரப்பும் சேர்ந்து இரண்டு தலையையும் தட்டிப் பார்த்து, படமெடுத்து, கையெழுத்திட வேண்டும். வெயிலில் வைத்ததாலோ விழுந்ததாலோ கிழிந்தால் கொண்டுபோனவர் செலவு. வாசித்து வாசித்து வலந்தலையின் கறுப்புக் கரணை பெயர்ந்தால் பொதுச் செலவு. தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ஒட்டிய இரவைப் பசையை அன்றே வழித்துத் துடைத்துக் கொடுக்கவேண்டும். ஒட்டியபடி உறைக்குள் போட்டால் காய்ந்து இறுகித் தோலைக் கெடுக்கும். கரப்பானும் எலியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வீணையை இரவல் கொடுக்க நாம் சொல்லமாட்டோம். அதன் தண்டியின் குறுக்கே பதித்த 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. சித்திரை வெயிலில் கண்ணாடி பூட்டிய வானுக்குள் அரைநாள் விட்டால் மெழுகு இளகி மெட்டு அசையும். மறுபடி மெட்டுகளைப் பதித்து மேளங்கட்டத் தெரிந்தவரை வன்னியில் எங்கே தேடுவீர்கள்? வீணை வேண்டுமென்றால் வீணைக்காரரையும் சேர்த்து அழையுங்கள்.

ஒலியமைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நல்ல பாட்டு அதிலேதான் பாழாகிறது. பாடுபவருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இருபுறமும் இரண்டு, சுருதிப்பெட்டிக்கு ஒன்று: மைக் ஐந்து. ஒலிபெருக்கிப் பெட்டிகள் பாடுபவரைத் தாண்டி முன்னே நிற்கவேண்டும். பின்னால் நின்றால் கூவும். கோயில் சவுண்ட் செற் தம்பிமாருக்குப் பாட்டென்றால் எக்கோ. கச்சேரி தொடங்குமுன் அதை நிற்பாட்டச் சொல்லுங்கள், தனியாவர்த்தனத்தின்போது மறுபடி போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். மரத்தில் கட்டிய கூம்பு லவுட்ஸ்பீக்கர்களைக் கட்டாயம் கழற்றவேண்டும். நூறு மீற்றருக்கு அப்பாலிருந்து வரும் ஓசை கிட்டத்தட்ட 0.3 விநாடி பிந்தி வந்து சேரும். துரித காலத்தில் அது அடுத்த அட்சரத்தின் மேல் ஏறி விழும். போடுகிற தாளம் இரட்டையாகக் கேட்கும். ஒரு குழுவில் ஒலியை அறிந்த ஒருவர் இருந்தால் அவரை மற்றக் குழுக்களின் கச்சேரிக்கும் அனுப்புங்கள். அது பத்துப் பொன்னாடைக்குச் சமம்.

ஆசிரியர் விடயம் இன்னும் எளிது. வயலின் ஆசிரியர் ஒருவரை யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைக்க ஒரு குழுவுக்குக் கட்டாது; மூன்று பிள்ளைக்கு யார் வருவார்? கிளிநொச்சியில் காலை, பரந்தனில் மதியம் என்று இரண்டு மூன்று குழு சேர்ந்து மாதத்தில் இரு சனிக்கிழமைகளை ஒழுங்கு செய்தால் போக்குவரத்துச் செலவு பங்காகும். வயது வேறுபாடு பார்க்காமல் கட்டை பார்த்துப் பிரியுங்கள். ஆரம்ப வயலின்கள் நாலும் நாலு சுருதியில் கீச்சிட்டால் ஆசிரியரும் ஓடிவிடுவார்.

தியாகராஜ ஆராதனையைச் சேர்ந்து நடத்தலாமே என்றும் யாப்பில் குறித்திருந்தீர்கள். நடத்துங்கள், தியாகராஜரின் சமாதி உள்ள திருவையாற்றின் பெயரிலேயே கிளிநொச்சியில் ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனை ஐந்தையும் முதல் வருடமே தொடாதீர்கள். ஐந்தும் ஆதிதாளந்தான், சிக்கல் அங்கில்லை. ஒரு குழு ஒரு வரிக்கு மூன்று சங்கதி (இசையை மாற்றி மாற்றிப் பாடும் வகை) பாடும், மற்றது ஐந்து பாடும். நூறு பேர் சேர்ந்தால் அந்த இடத்தில் சந்தைக்கடை. ஸ்ரீராகக் கீர்த்தனை ஒன்றை மட்டும் எடுத்து, ஒரே பாடாந்தரத்தில், அதாவது ஒரே பாடமுறையில், ஸ்வரம் எழுதி எல்லோருக்கும் கொடுத்து, சங்கதி எண்ணிக்கையைக் குறைவாகப் பாடும் குழுவின் அளவுக்கு இறக்குங்கள். ஆண்களையும் பெண்களையும் ஒரே சுருதியில் கட்டாமல் தனித்தனியே பாடவிடுங்கள்.

உங்கள் குழுவில் எத்தனை பேர் கடந்த வருடம் அடுத்த ஊர்க் கச்சேரியில் மங்களம் வரை இருந்தார்கள்? பெரும்பாலும் தங்கள் பிள்ளை பாடி முடிய ஓட்டோ பிடித்துவிடுகிறோம். குழுவுக்குப் பத்துப் பேர் மாறி மாறிப் போவதென்று தீர்மானித்தால், நான்கு குழு உள்ள வட்டத்தில் எந்தக் கச்சேரிக்கும் மற்ற மூன்று குழுவிலிருந்து முப்பது பேர் உறுதி. வரவேற்புரையைச் சுருக்கினால் அவர்கள் கடைசி பஸ்ஸுக்கு முன் பிரதான உருப்படியையும் கேட்பார்கள்.

சம்மேளனத்தை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம். பிரதேச செயலகத்தில் கலாமன்றமாகத் தனித்தனியே பதிந்திருப்பது இப்போதைக்குப் போதும். தலைவர் பதவிக்கு எங்களிடம் பெயர் இல்லை. ஆதரவு கேட்டீர்கள்: ஆடிக் கூட்டம் முடிந்ததும் திகதித் தாளை அனுப்புங்கள், முழுப் பக்கமும் கட்டணமின்றி வெளியிடுகிறோம். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர் பெயர்களை வெட்டிவிடுவோம். வயலின், மிருதங்கம், கடம் யார் என்ற நிரல் வெறுமையாக இருக்கும் நிகழ்ச்சி எதுவும் அச்சாகாது.