கண்ணாடியில் பனி, ஃபில்டரில் சீகை இலை

வாகனக் கேள்வி-பதில். பதில் சொல்பவர் குன்னூரில் 27 வருடமாக வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

கேள்வி: என்னுடையது 9 வருடம் ஆன சின்ன கார். கோத்தகிரியிலிருந்து தினமும் குன்னூருக்கு வேலைக்கு வந்து போகிறேன். ஒரு மாதமாக ப்ளோயரை 4-ல் வைத்தாலும் காற்று சன்னமாகத்தான் வருகிறது. ஈரச் சாக்கு வாடை வேறு. மழை நேரத்தில் முன் கண்ணாடி பனி மூடினால் விலகுவதே இல்லை. ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். ப்ளோயர் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும் என்கிறார்கள். கடையில் என் மாடலுக்கு ஸ்டாக் இல்லை, பத்து நாள் ஆகுமாம். அதுவரை பழைய துணியையோ மாஸ்க்கையோ வெட்டி வைக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: துணி வேண்டாம் அம்மா. நான் வைத்துப் பார்த்துக் கெட்டவன், அதனால் சொல்கிறேன்.

2020 ஏப்ரல், ஊரடங்கு. கீழே இருந்து ஒரு பார்சல் கூட மலைக்கு வரவில்லை. ஒரு நர்ஸம்மா இதே புகாரோடு வந்தார். ஃபில்டரை உருவினால் கையில் வந்தது ஃபில்டர் இல்லை, எரு. நம் ஊர் சீகை மரத்து இலை எவ்வளவு பொடிசு என்று உங்களுக்குத் தெரியும். வைப்பருக்கு அடியில் இருக்கிற கறுப்பு ஜாலி வழியாக அது சுலபமாக இறங்கிவிடும். இறங்கி, ஃபில்டர் மடிப்புக்குள் படுத்து, மழைக்கு ஊறி, வெயிலுக்குக் காய்ந்து, மறுபடி ஊறி… சமவெளி வண்டியில் ஃபில்டரைக் கெடுப்பது தூசி. இங்கே ஈரம். அதனால்தான் கோவைக்காரர் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிற ஃபில்டர் நமக்கு ஒரு மழைக்காலம் தாண்டுவதே பெரிய பாடு.

சரி, கதைக்கு வருகிறேன். மல் துணியை இரண்டாக மடித்து, ஓரத்தில் டேப் ஒட்டி வைத்து அனுப்பினேன். மறுநாள் காலை கட்டபெட்டிலிருந்து போன்: “அண்ணா, டேஷ்போர்டுக்குள்ள பட்டாசு வெடிக்குது.” பெரும்பாலான கார்களில் ஃபில்டருக்கு நேர் கீழே ப்ளோயர் விசிறி. நனைந்த துணி தொய்ந்து, அதை விசிறி கவ்விக்கொண்டது. அன்றைக்கு ப்ளோயரை முழுதாகக் கழற்றி நூல் நூலாகப் பிரித்தெடுத்தேன். காசு வாங்கவில்லை. எப்படி வாங்குவது?

மாஸ்க் தொய்யாதே என்பீர்கள். தொய்யாது, ஆனால் மூச்சு விடாது. ஃபில்டரை ஏன் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து வைத்திருக்கிறான்? விரித்தால் அது உட்கார்கிற வாய் அளவைப் போலப் பல மடங்கு பரப்பு கிடைக்கும், காற்று எளிதாக நுழையும். மாஸ்க் துணியைத் தட்டையாக வைத்தால் அந்த வாய் அளவுதான் மொத்தப் பரப்பு. காற்று குறைந்தால் இன்னொரு செலவும் வரும். ப்ளோயர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர் நிறைய வண்டிகளில் அந்தக் காற்றோட்டத்திலேயே உட்கார்ந்து, அந்தக் காற்றிலேயே சூடு ஆறுகிறது. காற்று செத்தால் அது கருகும். 1, 2, 3 எதுவும் வேலை செய்யாமல் 4 மட்டும் ஓடுகிற வண்டி என்னிடம் வந்தால், ரெசிஸ்டரைத் தொடுவதற்கு முன்னால் ஃபில்டரைத்தான் உருவிப் பார்ப்பேன்.

அப்புறம் நர்ஸம்மாவுக்கு என்ன செய்தேன்? பரணில் வேறொரு பெரிய காரின் புது ஃபில்டர் கிடந்தது. இவர் வண்டியின் வாய்க்கு அளவெடுத்து, மடிப்போடு மடிப்பாக பேப்பர் கட்டரால் அறுத்தேன். குறுக்கே அறுத்தால் பிரிந்துபோகும். சுற்றி நாலு ஓரத்திலும் ஜன்னலுக்கு ஒட்டுகிற ஃபோம் டேப். அழுத்தி நுழைத்தால் இறுக்கமாக உட்கார வேண்டும், கையால் தள்ளினால் அசையக் கூடாது. சரியான ஃபில்டர் வரும்வரை அதுதான் ஓடியது. உங்கள் ஊர்க் கடையிலும் உங்கள் மாடலைவிடப் பெரிய வண்டிக்கானது ஒன்றாவது இருக்கும், கேளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் ஜன்னலுக்கு அடிக்கிற அலுமினியக் கொசுவலை. பழைய ஃபில்டரின் சட்டம் கெட்டியான பிளாஸ்டிக்காக இருந்தால் நடுவில் உள்ளதை வெட்டி எறிந்துவிட்டு, வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி உள்ளே வையுங்கள். சட்டமும் துணியாக இருந்தால் மெல்லிய கம்பியை அதே அளவுக்கு வளைத்துக்கொள்ளலாம். தூசி நிற்காது, இலை நிற்கும். பத்து நாளுக்கு அது போதும். கழற்றுவதும் பெரிய வித்தை இல்லை. டேஷ்போர்டு டப்பாவைக் காலி செய்து, பக்கவாட்டில் ஒரு சின்னக் கயிறோ கம்பியோ இருந்தால் அதை விடுவித்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கினால் டப்பா மடியில் சாயும். பின்னால் நீளமாக ஒரு மூடி, இரண்டு ஓரத்திலும் கிளிப். ஃபில்டரை உருவும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். சாய்த்தீர்களென்றால் மேலே கிடக்கும் குப்பை மொத்தமும் விசிறியில் கொட்டும். அதன் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசை அது. விசிறி கீழே இருந்தால் அம்பும் கீழே பார்க்க வேண்டும்.

கண்ணாடிப் பனிக்கு வருகிறேன். ஃபில்டர் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, குளிருக்குப் பயந்து எல்லோரும் காற்றை உள்ளேயே சுற்றவிடும் பொத்தானை அமுக்கி வைத்திருப்பது. நாலு பேர் விடும் மூச்சும், நனைந்த குடையும், ஸ்வெட்டரும் சேர்ந்த ஈரம் எங்கே போகும்? கண்ணாடிக்குத்தான். வெளிக்காற்றுக்கு மாற்றி, ஹீட்டரை ஏற்றி, கூடவே ஏசியையும் போடுங்கள். “குளிருக்கு ஏசியா?” என்று என் வீட்டம்மாவே கேட்டார். ஏசி காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிகிறது, ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. சேர்ந்து ஓடினால் சீக்கிரம் விலகும். ஒரு கையில் துணி வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப வேண்டாம் அம்மா.

கேள்வி: ஃபில்டரைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி போடலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: கழுவலாம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தால் கழுவுங்கள். சாதா ஃபில்டர் துணிக்கு நிலைமின்னூட்டம் கொடுத்துத்தான் செய்கிறார்கள், நுண்ணிய தூசியை இழுத்துப் பிடிப்பதற்கு. தண்ணீர் பட்டால் அது போய்விடும். உங்கள் ஊர் ஜூலை மழையில் அது காய்வதற்குள் புதுசே வந்துவிடும். மேலாக இருக்கும் இலையைத் தட்டிவிட்டு ஓட்டலாம். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டத்தில் பிடிக்காதீர்கள், கிழியும். சின்ன கார்களுக்குச் சாதா ஃபில்டர் பெரும்பாலும் 200 முதல் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கரி போட்டது கொஞ்சம் கூடுதல், அது வாடையையும் பிடிக்கும்.

கேள்வி: என் காரில் கேபின் ஃபில்டரே கிடையாது என்கிறார் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா?
– வாசகர், அருவங்காடு

பதில்: பாவம், அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் கம்பெனியே ஃபில்டர் வைக்காமல் அனுப்புகிறது. டப்பாவுக்குப் பின்னால் அதற்கான இடம் மட்டும் இருக்கும், வாயைப் பிளாஸ்டிக்கால் அடைத்திருப்பான். உங்கள் மாடலுக்குப் பொருத்தமான ஃபில்டர் வெளியே கிடைத்தால், அந்த மூடியைத் திறந்து போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, இன்ஜினுக்கு ஒரு ஏர் ஃபில்டர் தனியாக உண்டு. “போன மாதம்தானே மாற்றினேன்” என்று சண்டைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். அதில் மட்டும் துணி, வலை, வெட்டு வேலை எதையும் காட்டிவிடாதீர்கள். உள்ளே போகும் மண் நேராக இன்ஜினைத் தேய்க்கும்.

கேள்வி: ஃபில்டர் மேல் எலி கூடு கட்டிவிட்டது. புகையிலை வைத்தும் போகவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஊட்டி

பதில்: கேரட் மூட்டை ஏற்றுகிற வண்டியா தம்பி? முதலில் உள்ளே உதிர்ந்து கிடப்பதைக் கூட்டுங்கள். வாடகைக்கு இடமும் கொடுத்துச் சாப்பாடும் போட்டால் அது ஏன் போகும்?

கூட்டை வெறும் கையால் அள்ளக் கூடாது. எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை, மாஸ்க் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து எடுங்கள். அந்த ஃபில்டரைத் தட்டித் திரும்பப் போடும் எண்ணம் வேண்டாம், குப்பைக்குத்தான். புகையிலையையும் அந்துருண்டையையும் ஜாலிக்குள் போடுகிறீர்கள் என்றால், எலிக்கு முன்னால் நீங்கள்தான் அதை முகர்கிறீர்கள். ப்ளோயர் காற்றை எடுப்பதே அங்கிருந்துதான். ஜாலியைக் கழற்றி அடிப்பக்கம் கம்பி வலை அடியுங்கள். எலி அதைக் கடிக்காது, சீகை இலையும் பாதி குறையும். அப்படியே அதன் ஓரத்தில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சி விட்டுப் பாருங்கள்.