சூலகம் அகற்றிய பின் வரும் பயத்துக்கு மூலிகை லேகியம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. நான்கு மாதங்களுக்கு முன் கர்ப்பப்பையையும் இரண்டு சூலகங்களையும் அகற்றினார்கள். அன்று முதல் இரவில் நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் பயம் வருகிறது, நித்திரை இல்லை. நெடுங்காலமாகத் தைரொயிட் குறைவுக்கான தைரொக்சின் குளிசையும் எடுத்து வருகிறேன். ‘மூளையின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ மூலிகை லேகியம் என்று சொல்லி வீட்டுக்கு வந்த முகவர் ஒருவர் மூன்று போத்தலுக்கு 18,000 ரூபா கேட்கிறார். வாங்கலாமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. சித்த வைத்தியத்தையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

உங்கள் பயம் மனப்பலவீனம் அன்று. இயல்பாக மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு, சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் சில வருடங்களாக ஏறி இறங்கிக் குறைகிறது. உங்களுக்கோ சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள்ளேயே அது விழுந்துவிட்டது. பயம், நினைவு, நித்திரை ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகளும் அந்த ஓமோனைப் பெற்றே பழகியவை.

மூளைக்குள் நுண்கிளியா எனப்படும் காவற்கலங்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரஜன் அவற்றை அடக்கி வைக்கிறது. சூலகம் அகற்றப்பட்ட எலிகளில் அக்கலங்கள் தேவைக்கு மேல் கிளர்ந்து அழற்சிப் பொருட்களைச் சுரப்பதும், உயரத்தில் வைத்த சிலுவை வடிவப் பாதையில் அந்த எலிகள் திறந்த பக்கத்துக்குப் போகாமல் மூடிய பக்கத்திலேயே ஒதுங்கிக் கிடப்பதும் பரிசோதனைகளில் காணப்பட்டுள்ளன. சில மூலிகைக் கலவைகள் இவ்விரண்டையும் தணித்ததாகவும் ஆய்வுகள் உண்டு. முகவரின் பேச்சு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அக்கலங்கள் சோர்ந்து போகவில்லை, மிகையாகவே விழித்திருக்கின்றன. அவற்றின் சக்தியை இன்னும் ‘கூட்டுவேன்’ என்பவருக்குத் தாம் விற்கும் பொருள் எதற்கென்றே தெரியாது. எலியில் கண்டது பெண்களில் நிறுவப்படவுமில்லை; உங்கள் நுண்கிளியாவின் நிலையைச் சொல்லும் இரத்தப் பரிசோதனை எந்த வைத்தியசாலையிலும் கிடையாது.

இத்தகைய போத்தல்களைப் பற்றி நான் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒரு தாய் பையிலிருந்து எடுத்து வைத்த போத்தலில் பொன்னிற லேபிளும் தாமரைப் படமும் இருந்தன. சேர்மானமும் இல்லை, தயாரித்த திகதியும் இல்லை. அதைச் சாப்பிட்ட இரண்டு மாதத்தில் நித்திரை நன்றாக வந்ததாம். ஆனால் முகம் உருண்டு ஊதி, சீனியும் ஏறியிருந்தது. ஸ்டீரொயிட் கலந்த மருந்தின் அடையாளம் அது. மூலிகை என்ற பெயரில் ஸ்டீரொயிட்டும் நித்திரைக் குளிசைத் தூளும் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்ட மோசடி. அப்படியொன்றை வாரக்கணக்கில் எடுத்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. போத்தலோடு வைத்தியரிடம் போக வேண்டும். அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வழி கேட்டு நான் ஏறி இறங்கிய படிகளை எண்ணினால், வீடு வீடாக விற்பவர் ஏன் அஞ்சுவதில்லை என்பது விளங்கும்.

உங்கள் விடயத்தில் தைரொக்சினே முதன்மையானது. பயத்துக்கென்று விற்கப்படும் கலவைகளில் அமுக்கராக் கிழங்கு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். மன அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாகச் சிறிய, குறுகிய கால ஆய்வுகள் காட்டும் நல்ல மூலிகைதான் அது, நானும் கொடுக்கிறேன். ஆயினும் அது தைரொயிட் ஓமோனை உயர்த்தக் கூடும். தைரொக்சினோடு சேர்ந்து ஓமோன் மிகுந்தால் வருவது என்ன? படபடப்பு, நடுக்கம், நித்திரையின்மை, பயம். அதாவது எதற்காக லேகியம் வாங்குகிறீர்களோ அதே தொல்லைகள். அப்போது முகவர் ‘இன்னும் மூன்று போத்தல் வேண்டும்’ என்பார். லேகியம் இல்லாமலே உங்கள் தைரொக்சின் அளவு கூடியிருந்தாலும் இதே குறிகள் தோன்றும், ஆகவே தைரொயிட்டின் நிலையைக் காட்டும் ரீ.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள். அமுக்கரா ஈரலைப் பாதித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன.

அடுத்து, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரு சூலகங்களும் அவற்றோடு சேர்ந்த இரு குழாய்களும் அகற்றப்பட்டன என்பது பொருள். ஒரு பெண்ணின் உடலிலிருந்து எதை எடுத்தோம் என்பதை அவளுக்குப் புரியாத மொழியில், மூன்று எழுத்தில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் எத்தனை காலத்துக்கு? அந்தக் கார்டுடன் பெண்நோயியல் கிளினிக்குக்குச் சென்று, ‘எனக்கு ஈஸ்ட்ரஜன் தரலாமா?’ என்று நேராகக் கேளுங்கள். 45 வயதுக்கு முன் சூலகம் இழந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி போன்ற தடைகள் இல்லாவிடில், ஏறத்தாழ 50 வயது வரை அதைக் கொடுப்பதே பொதுவான முறை. அது எலும்பையும் காக்கும். கர்ப்பப்பை இல்லாத உங்களுக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் போதும். 2002இல் அமெரிக்க ஆய்வொன்று கிளப்பிய புற்றுநோய் அச்சம் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டின் என்ற இரு ஓமோன்களையும் சேர்த்து எடுத்த, சராசரி 63 வயதுப் பெண்களைப் பற்றியது. ஈஸ்ட்ரஜன் தொடங்கினால் தைரொக்சின் அளவை மாற்ற நேரலாம் என்பதால், அக்குளிசையைப் பற்றி அங்கும் மறக்காமல் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் மூலிகை வேண்டுமெனில், ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் உங்கள் எல்லாக் குளிசைகளையும் கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கள். வல்லாரைச் சம்பலை வழமைபோல் சோற்றோடு சாப்பிடலாம். குளிசையாக மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். வாழப் பிடிக்கவில்லை என்ற நினைவு ஓரிரவு வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழையுங்கள்.